முதுகுகளை வரைந்த குன்வோர்

குன்வோருக்குப் படம் வரைய வராது. அவள் பூனை வரைந்தால் உருளைக்கிழங்குக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். இதை அவள் முகத்துக்கு நேரேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் முதுகு வரைவாள். எங்கள் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு வந்துபோன ஒவ்வொருவரின் முதுகும் அவளுடைய கறுப்பு அட்டை நோட்டுக்குள் இருந்தது. தோளிலிருந்து இடுப்புவரை இரண்டு கோடு, நடுவே முதுகெலும்பு, அப்புறம் மச்சங்கள், தழும்புகள், சின்ன வயதில் அம்மை போட்ட குழிகள். எந்த மச்சம் பெரியது, எது வெளிறியது என்றுகூடக் குறித்திருப்பாள்.

"இது எதுக்கு? இவங்களையெல்லாம் பின்பக்கமா வச்சு அடையாளம் காட்டச் சொல்லிப் போலீஸ் கூப்பிடுமா?" என்று நான் கேட்பேன்.

"உன் வேலையைப் பாரு, எவெர்ட். தராசுல தூசி விழுது" என்பாள்.

என் வேலை பின்கட்டு அறையில். கைகளில் சொறியும் வெடிப்புமாகத் தொழிற்சாலைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். பசை, சாயம், எண்ணெய், சிமென்ட் என்று அவர்கள் தொடுகிற சரக்கு ஒன்றா இரண்டா? அதில் எது அவர்களை இப்படிப் பண்ணுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகப்படுகிற ஒவ்வொன்றையும் துளியூண்டு நிறுத்து, வாசலினில் குழைத்து, ஊசிக்குழாயில் அடைத்து நான் கொடுப்பேன். சட்டைப் பொத்தான் அளவுள்ள அலுமினியக் கிண்ணங்களில் அதைப் பிதுக்கி, வரிசையாக நோயாளியின் முதுகில் ஒட்டுவது குன்வோர். திங்கட்கிழமை ஒட்டுவாள், புதன்கிழமை பிரிப்பாள், ஒவ்வொரு இடத்தையும் மையால் குறித்துவிடுவாள். வியாழக்கிழமை டாக்டர் லிண்டேல் வந்து பார்ப்பார். ஓர் இடம் சிவந்து, தடித்து, அரித்தால் அந்தப் பொருளை அந்த உடம்பு பகையாளியாக எண்ணிவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை அப்படி எண்ணிவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. வியாழக்கிழமை கான்டீனில் பட்டாணி சூப் என்பதால் டாக்டர் கொஞ்சம் வேகமாகவே பார்ப்பார். நல்ல மனுஷன்தான், பசி தாங்காது, அவ்வளவுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் எல்வி வந்தாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து, இரண்டு ரயில் மாறி. பம்பு செய்கிற தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை. நாற்பது வயதிருக்கும். கைகளில் வெள்ளைப் பருத்தி உறை. கழற்றச் சொன்னபோது முதலில் சுற்றும்முற்றும் பார்த்தாள். விரல்களுக்கிடையில் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. குன்வோர் அந்தக் கையை வெறுங்கையால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தொடாதீங்க, ஒட்டிக்கும்னு சொல்றாங்க" என்றாள் எல்வி.

"யாரு சொல்றாங்க?"

"யாரும் வாயைத் திறந்து சொல்லல. எங்க காபி அறையில சுவத்துல ஆணி வரிசையா இருக்கும். ஆளுக்கு ஒரு ஆணி, ஒரு கோப்பை. போன இலையுதிர் காலத்துல ஒருநாள் போய்ப் பார்க்கிறேன், என் கோப்பை மட்டும் ஜன்னல் திட்டுல இருக்கு. யாரு வச்சாங்கன்னு தெரியல. நானும் கேக்கல. அன்னையிலருந்து அது அங்கதான் இருக்கு."

எங்கள் ஜனங்களை எனக்குத் தெரியும். கத்த மாட்டார்கள், திட்ட மாட்டார்கள், கோப்பையை நகர்த்தி வைப்பார்கள். அதைவிட நாலு அறை அறைந்துவிடலாம். பின்கட்டில் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். குன்வோர் காபி ஊற்றினாள், தன்னுடைய சொந்தக் கோப்பையில். எல்வி குடித்து வைத்ததும் அதே கோப்பையில் தனக்கும் ஊற்றிக் குடித்தாள். கழுவக்கூட இல்லை. எல்வி அதைப் பார்த்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்புறம் குன்வோர் நோட்டை எடுத்து முதுகை வரைந்தாள். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே மூன்று மச்சம், ஒன்றன்கீழ் ஒன்றாக.

தொழிற்சாலையில் இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஒரு திரவத்தை ஊற்றுவார்கள். அது கெட்டு நாறாமல் இருக்கப் புதிதாக ஒரு பதப்பொருள் சேர்த்திருந்தார்கள். பெயர் எழுதினால் ஒரு வரி பிடிக்கும். நாங்கள் அதை ஏழு என்றே சொன்னோம், வரிசையில் ஏழாவதாக ஒட்டியதால். எட்டாவது நிக்கல். கம்மல், பொத்தான், ஜிப்பு எல்லாவற்றிலும் இருக்கிற சனியன், பாதிப் பெண்களுக்கு அதுதான் எதிரி.

வியாழக்கிழமை டாக்டர் பார்த்தார். முதுகு சுத்தமாக இருந்தது. ஒன்றுமே இல்லை.

"ஒண்ணுக்கும் ஒவ்வாமை இல்லம்மா. களிம்பு தர்றேன், வேலைக்குப் போகலாம்" என்றார்.

எல்வி சட்டையை மாட்டிக்கொண்டாள். சந்தோஷப்படவில்லை. திரவத்தில் தப்பு இல்லையென்றால் தப்பு அவளிடம்தானே. கோப்பை ஜன்னல் திட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

வாசலில் குன்வோர் அவளை மறித்தாள். "திங்கக்கிழமை இன்னொரு தடவை வாங்க."

"டாக்டர் முடிஞ்சுதுன்னு சொன்னாரே. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல. சில உடம்பு மெதுவாத்தான் யோசிக்கும். வாங்க."

எல்லோரையும் அவள் அப்படித்தான் ஏழாம் நாள் வரச் சொல்வாள். பாதிப் பேர் வர மாட்டார்கள். டாக்டருக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது, தடுக்கவும் மாட்டார்.

எல்வி வந்தாள். காலை முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தாள். சட்டையைக் கழற்றியதும் குன்வோர் "எவெர்ட், டாக்டரைக் கூப்பிடு" என்றாள். குரலில் சந்தோஷமும் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. முதுகில் ஓரிடம் தகதகவென்று சிவந்து தடித்திருந்தது. ஆனால் மைக்குறி ஒன்றுகூட இல்லை. முதுகு முழுவதும் பளிச்சென்று, சோப்பு வாசனையோடு இருந்தது.

"குளிச்சீங்களா?"

"நேத்து ராத்திரி." எல்விக்குக் காது சிவந்தது. "ஒரு வாரமா முதுகுல தண்ணி படல. டாக்டர்கிட்ட அப்படியா வர்றது? முடிஞ்சுதுன்னுதானே சொன்னாங்க. புருஷனை விட்டு பிரஷ் போட்டு நல்லாத் தேய்க்கச் சொன்னேன்."

அழுக்கானவள் என்று தன்னைப் பற்றி ஏற்கெனவே நினைக்கிறார்கள் என்று நம்புகிற ஒருத்தி வேறென்ன செய்வாள்? மருத்துவமனைக்குப் போவதென்றால் புது உள்ளாடை போட்டுக்கொண்டு போகிற ஊர் இது. திட்டவும் மனசு வரவில்லை.

டாக்டர் லிண்டேல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஒவ்வாமைதான், சந்தேகமில்ல. ஏழா எட்டா? ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு." எல்வியின் காதைப் பார்த்தார். கம்மல் போட்டிருந்தாள். "காது எப்பவாவது அரிக்குமா?"

"பனிக்காலத்துல கொஞ்சம்."

"அப்போ நிக்கல்தான். எட்டுன்னு எழுதிக்குங்க, குன்வோர்."

எல்வி அங்கேயே, மேல்சட்டையைக்கூட மாட்டாமல், இரண்டு கம்மலையும் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அப்போ என் தப்புதான்" என்றாள். சின்னப் பிள்ளை தண்டனைக்குக் கையை நீட்டுகிற மாதிரி சொன்னாள். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

குன்வோர் எழுதவில்லை. பேனாவை மூடினாள். கறுப்பு நோட்டை எடுத்துப் பிரித்து, எல்வியின் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"மூணாவது மச்சத்துக்கு ஒரு விரக்கடை கீழ ஏழு. இங்க குறிச்சிருக்கேன். எட்டு அதுலருந்து ரெண்டு விரக்கடை வலப்பக்கம், முதுகெலும்பை ஒட்டி. பாருங்க டாக்டர். மச்சத்தை யாரும் தேய்ச்சு அழிக்க முடியாது."

டாக்டர் நோட்டைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், தன் விரலை மச்சத்துக்குக் கீழே வைத்துப் பார்த்தார். சிவப்பு சரியாக அந்த விரலின் கீழ் இருந்தது.

"ஏழு" என்றார். பிறகு குன்வோரைப் பார்த்து, "இந்த நோட்டைப் பத்தி நான் முன்னாடி சொன்னதையெல்லாம் மறந்துடுங்க" என்றார்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு டாக்டர்" என்றாள் குன்வோர்.

ஒரு நோட்டை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது அல்லவா. சிவப்பு அடங்கியதும் மறுபடி ஒட்டிப் பார்த்தோம். ஏழாம் சரக்கை நான் நாலு அளவில், ஒன்றைவிட ஒன்று குறைவாக, கலந்து கொடுத்தேன். மூன்றாவது இருந்தும் இல்லாத மாதிரி அவ்வளவு குறைவு, அதற்கே எல்வியின் தோல் பொங்கியது. நிக்கலைத் தனியாகத் தள்ளி ஒட்டினோம், அங்கே ஒன்றும் இல்லை. குன்வோர் கம்மல்களை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள்.

தொழிற்சாலைக்குக் கடிதம் போனது. பதில் நல்ல தாளில், நல்ல எழுத்தில் வந்தது. சரக்கை விற்பதற்குமுன் கினிப்பன்றிகளின்மேல் போட்டுப் பார்த்தார்களாம், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். அந்தப் பெண்ணின் முதுகில் சிவந்தது வெறும் எரிச்சலாக இருக்கலாம், யார் தோலில் ஒட்டினாலும் சிவக்கும் என்று எழுதியிருந்தார்கள். இல்லையென்றால் அவளுடைய உடம்பு வாகு. திரவத்தை மாற்ற வேண்டிய அவசியம் தெரியவில்லை. நான் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எரிச்சல் இல்லை என்று காட்ட ஒரே வழிதான். ஏழு முன்பின் பட்டிராத இருபது நல்ல உடம்புகளில் அதை அதே அளவில் ஒட்ட வேண்டும். அத்தனை பேருக்கும் சிவந்தால் வெறும் எரிச்சல். ஒருவருக்கும் சிவக்காவிட்டால் எல்வியின் தோல் சொல்வது நிஜம். இருபது உடம்புக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் முதுகையே கொடுப்போம். டாக்டர், வரவேற்பில் இருந்த பெண், சமையல்கட்டு ஆட்கள், தரை துடைப்பவர் என்று எல்லோரும். கூலி ஒரு காபி, ஓர் ஏலக்காய் பன். இப்போது கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது சாதாரணம்.

என் முதுகில் ஒட்டியபோது குன்வோர் பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"ஒரு மச்சம்கூட இல்லையே உனக்கு. சர்க்கரைக்கிழங்கு பிடுங்கின வயல் மாதிரி இருக்கு. இதுல எதை வச்சு அடையாளம் சொல்றது?"

"மயிரை எண்ணிக்கோ" என்றேன்.

இருபதாவது ஆள் அவள். ஊருக்கே ஒட்டுகிறவளுக்கு ஒட்ட ஆள் இல்லை. "நீயே ஒட்டு, எவெர்ட். முதல்ல வரைஞ்சுக்கோ" என்று நோட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து சட்டையை இறக்கினாள்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒண்டிக்கட்டை. எட்டு வருஷமாக அவளோடு ஒரே தாழ்வாரத்தில் வேலை, ஒரே மேஜையில் காபி. அவள்மேல் எனக்கு உயிர். அதை அவளிடம் சொல்ல ஒருநாளும் வாய் வந்ததில்லை, கேலி மட்டும் நன்றாக வரும். அந்த முதுகைப் பார்த்ததும் அதுவும் வரவில்லை. வலது தோளில் ஒரு மச்சம், கழுத்துக்குக் கீழே இரண்டு, இடுப்புக்குமேல் சின்னதாக ஒன்று. வரைந்தேன். கோடு கோணிக்கொண்டு போனது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவளுக்கென்று நான் இரண்டு ஊசிக்குழாய் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒன்றில் ஏழு. இன்னொன்றில் வெறும் வாசலின். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இந்தச் சோதனையில் ஓர் ஆபத்து உண்டு, எங்களுக்கெல்லாம் தெரியும். ஆயிரத்தில் ஒருவருக்கு, ஒட்டிப் பார்ப்பதாலேயே உடம்பு அந்தப் பொருளைப் பகைத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். மற்ற பத்தொன்பது பேருக்கு ஒட்டும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. அவளுக்கு என்றதும் அதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. பத்தொன்பது போதாதா? யாருக்குத் தெரியப்போகிறது?

வாசலின் குழாயைத்தான் முதலில் எடுத்தேன். அப்போது அவள் முதுகைக் காட்டியபடியே சொன்னாள்: "எல்வி போன் பண்ணியிருந்தாங்க. அந்தக் கோப்பை இன்னும் ஜன்னல்லதான் இருக்காம். இருபது பேர் சாட்சி சொன்னா நம்புவாங்களான்னு கேட்டாங்க. நம்புவாங்கன்னு சொல்லிட்டேன்."

நான் குழாயைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தேன். கழுத்து மச்சங்களுக்குக் கீழே, இரண்டு விரக்கடை தள்ளி, அதை ஒட்டினேன்.

ஏழாம் நாள் இருபது முதுகும் சுத்தம். டாக்டர் கடிதம் எழுதினார். பதிலும் வந்தது. எரிச்சல் இல்லை என்பதை ஏற்கிறார்களாம். அப்படியானால் அது அந்த ஒரு பெண்ணின் உடம்பு வாகுதான், வேறு யாருக்கும் வராது, அவளை வேறு வேலைக்கு மாற்றிவிடுகிறோம் என்றார்கள். இயந்திரங்களில் திரவம் ஓடிக்கொண்டே இருந்தது.

மே மாதம். ஊரைச் சுற்றிக் கடுகு வயலெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. ஒட்டிப் பதினேழாம் நாள் காலை குன்வோர் பின்கட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"எவெர்ட், முதுகு அரிக்குது. பாரு."

பார்த்தேன். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நோட்டைப் பிரித்து என் கோணல் கோட்டை வைத்துப் பார்த்தேன். கழுத்து மச்சங்களுக்குக் கீழே, இரண்டு விரக்கடை. எங்கே ஒட்டினேனோ அங்கேயே சிவந்து தடித்திருந்தது.

"ஏழா?" என்றாள்.

"ஏழு" என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வாயை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு குழாய் வைத்திருந்ததை, வெறும் வாசலினை முதலில் எடுத்ததை, பிறகு வைத்ததை. "அதையே போட்டிருக்கணும், குன்வோர். நான்தான் உனக்கு இதைப் பண்ணிட்டேன். ஆயுசுக்கும் போகாது."

அவள் சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வெறும் வாசலினைப் போட்டிருந்தா, அது தெரிஞ்ச அன்னையிலருந்து உன் முகத்துல முழிச்சிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "எட்டு வருஷமா ஏதோ சொல்ல வர்ற, சொல்லாம போற. இப்படியா அதைச் சொல்றது?" என்றாள். கண் நிறைந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். நான் மூக்கைச் சிந்தினேன்.

அன்று மதியம் டாக்டர் லிண்டேல் சூப்பை மறந்துவிட்டு உட்கார்ந்து எழுதினார். இயந்திரத்தின் பக்கமே போகாத, அந்தத் திரவத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு செவிலியின் உடம்பு, ஒரே ஒருமுறை தொட்டதில் ஏழாம் சரக்கைப் பகைத்துக்கொண்டது. இரண்டு குன்றிமணி அளவு போதுமானதாக இருந்தது. கடிதத்தை அனுப்புமுன் மறுபடி மிகக் குறைந்த அளவில் ஒட்டி உறுதி செய்துகொண்டோம். தட்டச்சு செய்து முடித்த கடிதத்தை வாங்கி, அடியில் குன்வோர் கையால் ஒரு வரி சேர்த்தாள்: உடம்பு வாகு என்றால் எனக்கும் அதே வாகுதான், என் பெயரையும் எழுதிக்கொள்ளவும்.

அந்தக் கடிதத்தின் நகலைத் தொழிற்சங்கத்துக்காரர்கள் காபி அறைச் சுவரில் ஒட்டினார்களாம். அடுத்த வாரம் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஆறு பேர் எங்களிடம் வந்தார்கள். ஆறு ஜோடிக் கை, ஆறும் பல மாதமாகப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தவை. ஐந்து பேருக்கு ஏழுதான் பகை. ஜூன் முடிவதற்குள் எல்லா இயந்திரங்களிலிருந்தும் அந்தத் திரவத்தை வடித்துக் கழுவினார்கள்.

விடுமுறை முடிந்து ஆகஸ்டில் எல்வி போன் பண்ணினாள். குன்வோர் கேட்டுக்கொண்டே நின்றாள், "ம்", "ம்" என்று மட்டும் சொன்னாள். வைத்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"காலையில போனப்போ அவங்க கோப்பை ஆணியில தொங்கிச்சாம். யாரோ கழுவித் துடைச்சு மாட்டியிருக்காங்க."

"யாரு?"

"யாருன்னு தெரியலையாம். அவங்களும் கேக்கலையாம்."

நாங்கள் அடுத்த வசந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். எல்வி ஏலக்காய் பன் சுட்டு எடுத்து வந்திருந்தாள், உறை இல்லாத கைகளால்.

ஏழு பிற்பாடு தொழிற்சாலையோடு நிற்கவில்லை. சுவர்ச் சாயத்தில் வந்தது, ஷாம்பூவில் வந்தது, ஈரத் துடைப்பானில் வந்தது. நாற்பது வருஷமாகக் கடையில் நான்தான் புட்டியைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கூடையில் போடுகிறேன். மூன்று தடவை தவறவிட்டிருக்கிறேன், மூன்று தடவையும் அவள் கழுத்து பொங்கிவிட்டது, மூன்று தடவையும் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. மற்றதுக்கெல்லாம் நன்றாகத் திட்டுவாள்.

இப்போது அவளுக்குக் கை பின்னால் எட்டாது. குளித்ததும் முதுகுக்குக் களிம்பு நான்தான் தடவுகிறேன். போன வாரம் இடது தோளில் புதிதாக ஒரு மச்சம் பார்த்தேன். கறுப்பு நோட்டைத் தேடி எடுத்து, என் கோணல் படத்தில் அதையும் குறித்து வைத்தேன்.